போய் வருகிறேன் என்னும் உறுதிமொழி
குழந்தையின் நலமான வளர்ச்சிக்கு நம்பத்தக்க பெரியவர்கள் ஏன் வேண்டும்?

பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்க வரும் பெற்றோரை எங்கள் கிளைகளில் நாள்தோறும் சந்திக்கிறோம். மகளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு, மகனுக்குத் தொடர் வைப்பு, பேரப்பிள்ளைக்குத் தாத்தா போடும் நிலையான வைப்பு என்று அவரவர் வசதிக்கேற்பத் தொடங்குகிறார்கள். எந்தக் கணக்காயினும் விண்ணப்பத்தில் ‘பாதுகாவலர்’ என்றொரு கட்டம் இருக்கும். பத்து வயது நிரம்பாத பிள்ளையின் கணக்கை அக்கட்டத்தில் பெயர் உள்ளவரே இயக்க முடியும். அது காலியாக இருந்தால் விண்ணப்பத்தை நாங்கள் பெற்றுக்கொள்வதில்லை.

பிள்ளையின் மனத்திலும் ஏறத்தாழ இத்தகைய கட்டம் ஒன்று உண்டு என்கிறது குழந்தை வளர்ச்சி பற்றிய அறிவியல். பிறந்து ஏழெட்டு மாதங்களாகும்போதே, அஞ்சினால் யாரிடம் போவது, வலித்தால் யாரைத் தேடுவது, களைத்தால் யார் தோளில் சாய்வது என்பதைக் குழந்தை தனக்குள் எழுதத் தொடங்கிவிடுகிறது. இந்த உறவைத் தமிழில் ‘பிணைப்பு’ எனலாம். அன்பு, பாசம் ஆகிய சொற்களைக் காட்டிலும் இது சற்றுக் குறுகிய பொருளுடையது. பெற்றோர் பிள்ளையிடம் எவ்வளவு அன்பு கொண்டிருக்கிறார்கள் என்பதை இது அளப்பதில்லை. தனக்குத் துன்பம் நேரும்போது அந்த அன்பு தன்னிடம் வந்து சேரும் என்று பிள்ளை எவ்வளவு நம்புகிறது என்பதையே குறிக்கிறது. அந்த நம்பிக்கை உறுதியாக அமைந்த நிலைக்குப் ‘பாதுகாப்பான பிணைப்பு’ என்று பெயர்.

பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் திட்டமிட்டுச் சேமிக்கும் வாடிக்கையாளர்கள் இதனையும் அறிந்துகொள்வது நலம் என்று கருதுகிறோம். இடமாறுதல், வேலை, கடன், விடுதிப் படிப்பு என்று குடும்பங்கள் எடுக்கும் பல முடிவுகளில் இந்த நம்பிக்கை கூடவோ குறையவோ செய்கிறது.

மருத்துவமனையின் கதவுகள் திறந்த வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டன் மருத்துவமனைகள் பலவற்றில், உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் நினைத்தபோது பார்க்க முடியாது. பெற்றோர் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராதிருந்தால் சில நாள்களில் அடங்கிவிடுகிறது, ஆகவே வராமலிருப்பதே குழந்தைக்கு நல்லது என்பது அன்றைய மருத்துவர்கள், செவிலியர்கள் பலரின் கருத்து. அந்த அடக்கம் குணமடைந்ததன் அறிகுறியா, நம்பிக்கை இழந்ததன் அறிகுறியா என்ற கேள்வியை எழுப்பியவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்னும் சமூகப் பணியாளர். சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள்கள் மருத்துவமனையில் தங்கிய லாரா என்னும் இரண்டு வயதுச் சிறுமியை அவர் படமெடுத்தார். 1952இல் அப்படம் வெளிவந்தது. லாரா பெரிதாக அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, பார்க்க வந்த தாயிடமிருந்தும் மெல்ல விலகிப் போகிறாள். முதலில் படத்தைக் கண்ட மருத்துவர்கள் பலர் சினந்தனர். ஆயினும் 1959இல் பிரிட்டன் அரசு அமைத்த பிளாட் குழு, குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோருக்குத் தடையற்ற அனுமதி வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ராபர்ட்சனோடு பணியாற்றிய ஜான் பௌல்பி என்னும் உளமருத்துவர், 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வீடிழந்த குழந்தைகளின் மனநலம் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பால் கொடுப்பவர் என்பதால்தான் குழந்தை தாயை நாடுகிறது என்பது அதுகாறும் நிலவிய எண்ணம். பசியைப் போலவே பாதுகாப்பும் தனித்த தேவை என்றும், நெருக்கமான ஒருவரை நாடும் இயல்போடுதான் குழந்தை பிறக்கிறது என்றும் பௌல்பி பின்னாளில் விரிவாக நிறுவினார்.

உகாண்டாவின் கிராம வீடுகளில்

பௌல்பியின் கருத்துக்கு நேரடிச் சான்று தேடியவர் மேரி எய்ன்ஸ்வொர்த். 1954இல் கணவருடன் உகாண்டா சென்ற அவர், கம்பாலா நகருக்கு அருகிலுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களைத் தேர்ந்து, அங்கிருந்த 28 குழந்தைகளை மாதக்கணக்கில் பார்த்துவந்தார். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் உடன் அமர்ந்து, குழந்தை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, யார் எழுந்து போனால் பின்னே தவழ்ந்து போகிறது, யார் எடுத்தால் அழுகை நிற்கிறது என்று குறித்துக்கொண்டார்.

பெரிய கருவியோ ஆய்வுக்கூடமோ இல்லாத அந்த ஆய்வில் ஒன்று தெளிவாயிற்று. தம் குழந்தையைப் பற்றிக் கேட்டால் சிறு சிறு செய்திகளையும் விவரமாகச் சொல்லத் தெரிந்த தாய்மார்களின் குழந்தைகளிடமே பாதுகாப்பான பிணைப்பு மிகுதியாகக் காணப்பட்டது. குழந்தையைக் கூர்ந்து கவனிப்பவரே அவ்வாறு சொல்ல இயலும் அல்லவா? குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு பெண்களும் வீட்டில் இருந்தார்களா என்பது இதில் வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை.

பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மேலும் 26 குடும்பங்களை எய்ன்ஸ்வொர்த் ஆராய்ந்தார். மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, ஏறத்தாழ நான்கு மணி நேரம், குழந்தை பிறந்த முதல் ஓராண்டு முழுவதும் வீடு தேடிச் சென்றார்கள். முதல் சில மாதங்களில் அழுதவுடன் கவனிக்கப்பட்ட குழந்தைகள், ஓராண்டு நிறையும்போது பிற குழந்தைகளைவிடக் குறைவாகவே அழுதன. ‘தூக்கித் தூக்கிக் கெடுக்காதே’, ‘அழவிட்டால் தானே பழகும்’ என்று நம் வீடுகளில் இளந்தாய்மாருக்குக் கூறப்படும் அறிவுரைக்கு இது நேர் எதிரானது. ஆராயப்பட்ட குடும்பங்கள் சிலவே என்பது உண்மை. எனினும் கைக்குழந்தையைத் தூக்குவதால் அது கெடும் என்பதற்கு அந்த வீடுகளில் சான்று கிடைக்கவில்லை.

அழாத பிள்ளை

ஆண்டு நிறைவை ஒட்டி இக்குழந்தைகளுக்கு எய்ன்ஸ்வொர்த் ஒரு சிறு சோதனை வைத்தார். பொம்மைகள் நிறைந்த, பழக்கமில்லாத அறை. தாயும் குழந்தையும் உள்ளே வருகிறார்கள். முன்பின் அறியாத ஒருவர் வருகிறார். தாய் சில நிமிடங்கள் வெளியே போய்த் திரும்புகிறார். இருமுறை இவ்வாறு நிகழும். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இருபது நிமிடங்கள்.

தாய் போகும்போது குழந்தை அழுகிறதா என்பதே முக்கியம் என்று நாம் நினைப்போம். எய்ன்ஸ்வொர்த் கூர்ந்து பார்த்ததோ தாய் திரும்பி வந்ததும் நடப்பதை. பாதுகாப்பான பிணைப்புள்ள குழந்தை அழுதிருந்தாலும் தாயிடம் விரைந்து போகிறது, சற்று நேரம் ஒட்டிக்கொள்கிறது, தேறியபின் விளையாட்டுக்குத் திரும்புகிறது. வேறு சில குழந்தைகள் தாயைப் பற்றிக்கொண்டே சினந்து உதைக்கின்றன, எளிதில் தேறுவதில்லை. இன்னும் சில, தாய் வந்ததையே கவனியாதவை போல் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றன.

இந்த மூன்றாம் வகைக் குழந்தையைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் பாராட்டுவர். ‘சமர்த்துப் பிள்ளை, அம்மா போனதுகூடத் தெரியவில்லை’ என்பர். 1977இல் ஆலன் ஸ்ரோஃப், எவரெட் வாட்டர்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய சூழலில் அலட்சியமாகத் தோன்றும் குழந்தையின் இதயத் துடிப்பும் உயர்ந்தே இருந்தது என்று காட்டியது. முகம் அமைதியாகத் தோன்றினாலும் உடல் கலக்கத்தில் இருந்தது. உதவி கேட்டுப் பயனில்லை என்று கருதும் குழந்தை, கேட்பதையே நிறுத்திக்கொள்கிறது என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம்.

1975இல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வறுமைச் சூழலில் முதல் குழந்தையை எதிர்நோக்கியிருந்த 267 தாய்மார்களைத் தேர்ந்து, அவர்தம் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்தனர். ஒரு வயதில் பாதுகாப்பான பிணைப்புடன் காணப்பட்ட பிள்ளைகள், மழலையர் பள்ளியில் ஆசிரியரை அதிகம் சார்ந்திராமல் தாமே முயன்றனர். பிற பிள்ளைகளோடு எளிதில் பழகினர். அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காது என்று அஞ்சப்படும் பிள்ளையே பின்னர்த் துணிந்து வெளியே போகிறது என்பது முதல் பார்வையில் முரணாகத் தோன்றலாம். திரும்பி வர ஓரிடம் உண்டு என்று தெரிந்தவனே தொலைவு போகத் துணிவான் என்று எண்ணிப் பார்த்தால் அது விளங்கும்.

இதனை விதியாகக் கொள்ளலாகாது. முதல் ஆண்டில் பிணைப்பு உறுதிப்படாத பிள்ளையும், பின்னாளில் கிடைக்கும் நல்ல ஆசிரியராலோ அத்தையாலோ சித்தப்பாவாலோ தேறிவிடும். முதல் ஆண்டில் உறுதியாக இருந்ததும் பின்வரும் இழப்புகளால் குலையக்கூடும்.

எவரும் தனக்கென இல்லாத குழந்தை

இத்தேவை எத்துணை அடிப்படையானது என்பதை ருமேனியா நாடு பெருந்துயரத்தின் வழியே உலகுக்கு உணர்த்தியது. 1966இல் நிக்கோலே சௌசெஸ்கு அரசு கருக்கலைப்புக்குக் கடுந்தடை விதித்தது. வளர்க்க இயலாத குடும்பங்களின் குழந்தைகள் அரசு இல்லங்களில் குவிந்தனர். 1989இல் அவ்வாட்சி வீழ்ந்தபோது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கிருந்தனர். உணவும் தொட்டிலும் இருந்தன. ஒவ்வொரு குழந்தையையும் தன்னுடையதாகக் கருதிக் கவனிக்க ஒருவர் இல்லை. பணியாளர் சிலர் முறைவைத்து வந்துபோக, குழந்தைகள் வரிசையாகக் கிடந்தனர்.

சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் புக்கரெஸ்ட் நகரின் ஆறு இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளை ஆராயத் தொடங்கினர். ருமேனியாவில் அன்று வளர்ப்புக் குடும்ப முறை ஏறக்குறைய இல்லாததால் அதனையும் அவர்களே உருவாக்கினர். குலுக்கல் முறையில் 68 குழந்தைகள் அக்குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் வழக்கமான ஏற்பாட்டிலேயே தொடர்ந்தனர். பின்னர் வேறு குடும்பங்கள் கிடைத்தபோது அவர்களும் செல்லத் தடையில்லை.

நான்கரை வயதில் அளந்தபோது, இல்லத்தில் தொடர வைக்கப்பட்ட குழுவினரின் அறிவுத்திறன் சராசரி 73ஆகவும், வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றவர்களின் சராசரி 81ஆகவும், சொந்தக் குடும்பங்களில் வளர்ந்த பிற குழந்தைகளின் சராசரி 109ஆகவும் இருந்தன. மூன்றரை வயதில் வளர்ப்புக் குடும்பக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் பாதுகாப்பான பிணைப்பு காணப்பட்டது. மற்றக் குழுவில் அத்தகையோர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு வயது நிரம்புமுன் குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகளே பல வகையிலும் மிகுதியாகத் தேறினர்.

நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் ஆதரவற்ற குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று கூறுகிறது. வளர்ப்புப் பராமரிப்புக்கும் தத்தெடுப்புக்கும் வழிசெய்கிறது. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில், தகுதியுடைய குழந்தையை உற்றார் வீட்டிலோ வளர்ப்புக் குடும்பத்திலோ வைத்துப் பேண மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. தாய் தந்தையை இழந்த ஒரு பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், அதன் பாட்டியை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வழிகாட்டி அனுப்புவது பேருதவியாகும்.

தாய் ஒருத்தியின் சுமையா?

இவற்றைப் படிக்கும் வேலைக்குப் போகும் தாய்மார்களின் நெஞ்சில் குற்றவுணர்வு எழலாம். அதற்கு இடமில்லை. 1964இல் ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் ஆகியோர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இது: ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் பிணைப்புக் கொண்டிருந்தன. தந்தை, பாட்டி, தாத்தா, அண்டை வீட்டார் என அப்பட்டியல் நீண்டது. உடனிருந்த நேரத்தின் அளவைவிடக் குழந்தையின் அழைப்புக்குச் செவிசாய்த்ததே அந்த உறவுகளை உண்டாக்கியது.

கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த நமக்கு இது புதிய செய்தியன்று. வயிற்று வலிக்குப் பாட்டி, இருட்டுக்கு அப்பா, அடிபட்டால் அத்தை என்று பிள்ளைகள் ஆளுக்கொரு பொறுப்பை ஒப்படைத்திருப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் வேலைக்காகப் புனேயிலும் குருகிராமிலும் பெங்களூருவிலும் குடியேறிய தனிக் குடும்பங்களில் அந்தப் பட்டியல் சுருங்கிவிட்டது. அதனை மனமறிந்து மீண்டும் நிரப்ப வேண்டியுள்ளது. தந்தை குழந்தையைக் குளிப்பாட்டுவதும், உறங்க வைப்பதும், மருத்துவரிடம் கொண்டு செல்வதும் தாய்க்குச் செய்யும் உதவி என்பதோடு நில்லாமல், பிள்ளையின் பட்டியலில் அவர் பெயரையும் எழுதுகின்றன.

அமெரிக்காவில் 1991இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்த பேராய்வு ஒன்று, குழந்தைக் காப்பகத்தில் விடுவதே பிணைப்பைக் கெடுப்பதில்லை என்று கண்டது. வீட்டிலும் கவனிப்புக் குறைந்து, காப்பகமும் தரம் குன்றியிருக்கும்போதுதான் இடர் கூடுகிறது. ஆகவே காப்பகம் தேடுவோர் கட்டடத்தையும் கண்காணிப்புக் கேமராவையும் பார்ப்பதோடு சில கேள்விகளையும் கேட்க வேண்டும். ஒரு பணியாளர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார்? என் குழந்தைக்கென்று குறிப்பிட்ட ஒருவர் உண்டா? பணியாளர்கள் அடிக்கடி மாறுகிறார்களா? முதல் வாரம் நாங்களும் சற்று நேரம் உடனிருக்கலாமா?

இது வசதியுள்ளோரின் தேவை மட்டுமன்று. 1969இல் தில்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கட்டுமானப் பணி நடந்த இடத்தில், மண்ணிலும் கல்லிலும் கிடந்த தொழிலாளரின் குழந்தைகளைக் கண்டு மீரா மகாதேவன் தொடங்கியதே ‘மொபைல் கிரஷஸ்’ அமைப்பு. வேலை நடக்கும் இடத்திலேயே காப்பகம் அமைந்தால், தாய் இடையிடையே வந்து பாலூட்டிப் போகலாம். 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் ஊதியத்தோடு கூடிய விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியதோடு, ஐம்பதும் அதற்கு மேற்பட்டும் பணியாளர்கள் உள்ள நிறுவனங்களில் காப்பக வசதியையும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கும் உரிமையையும் அளித்தது. உரிமை உண்டென்று தெரியாமலே பலர் அதனைக் கேட்பதில்லை.

சொல்லிவிட்டுப் பிரிதல்

எங்கள் தொழிலில் இடமாறுதல் என்பது உடன்பிறந்தது. இராணுவம், இரயில்வே, தனியார் நிறுவனங்கள் என எங்கு பணிபுரிவோருக்கும் இன்று அவ்வாறே. ஆணை வந்ததும் குடும்பம் கணக்குப் போடுகிறது. பள்ளிச் சேர்க்கை, வீட்டு வாடகை, துணைவரின் வேலை, பெற்றோரின் மருத்துவம் எல்லாம் எண்ணப்பட்டு, பல நேரங்களில் ஒருவர் மட்டும் குவாஹாட்டிக்கோ ராஞ்சிக்கோ புறப்படுகிறார். இக்கணக்கில் மூன்று வயதுப் பிள்ளையின் பக்கத்தையும் ஒருமுறை பார்ப்பது நன்று.

குழந்தை அழும் என்பதற்காக அதன் கவனத்தைத் திருப்பிவிட்டுப் பின்வாசல் வழியே நழுவிப் போகும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த வேளைக்கு அது எளிது. ஆனால் திரும்பிப் பார்த்தபோது ஆளைக் காணாத குழந்தை, எந்த நேரமும் எவரும் மறையக்கூடும் என்று கற்றுக்கொள்கிறது. அடுத்த நாள் தாய் சமையலறைக்குப் போனாலும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வது அதனால்தான். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போவதே முறை.

தமிழில் விடைபெறும் எவரும் ‘போகிறேன்’ என்பதில்லை; ‘போய் வருகிறேன்’ என்றே சொல்கிறோம். மறந்து ‘போகிறேன்’ என்றால் வீட்டுப் பெரியவர்கள் திருத்துவார்கள். பிரிவையும் திரும்பி வருவதையும் ஒரே தொடரில் கூறும் இவ்வழக்கைக் குழந்தைக்கும் மெய்யாகவே பயன்படுத்தலாம். மூன்று மாதம் என்றால் சிறு பிள்ளைக்குப் புரியாது. ‘இத்தனை ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்தால் அப்பா வருவார்’ என்று நாட்காட்டியில் குறித்துக் காட்டினால் புரியும். காணொளி அழைப்பை நாள்தோறும் ஒரே வேளையில், சுருக்கமாக, அதன் விளையாட்டைப் பற்றியே பேசி முடிப்பது நன்று. குடும்பம் முழுதும் இடம்பெயர்ந்தால், பழகிய போர்வையையும் தலையணையையும் புதிதாக வாங்காமல் உடன் கொண்டுபோவது நலம். உறங்கும் நேரமும் கதை சொல்லும் ஆளும் சில வாரங்களுக்கேனும் மாறாதிருக்கட்டும்.

விடுப்பில் ஊர் வரும் தந்தையைப் பிள்ளை உடனே கட்டிக்கொள்ளாமல் பாட்டியின் பின்னே ஒளிந்துகொள்வதும் உண்டு. பாசம் போய்விட்டது என்று மனம் நோகவோ, ‘அப்பாவை மறந்துவிட்டாயா’ என்று கேட்கவோ வேண்டா. லாரா தாயிடமிருந்து விலகியதும் இத்தகையதே. அருகில் அமர்ந்து காத்திருந்தால் பிள்ளை தானே வரும்.

‘சொன்னபடி கேட்காவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவேன்’, ‘விடுதியில் சேர்த்துவிடுவேன்’ என்ற மிரட்டல்களை முற்றாக விட்டுவிடுவது நல்லது. பூச்சாண்டிக் கதையைப் பிள்ளை வளர்ந்தபின் நகைத்துத் தள்ளிவிடும். தன்னைக் காக்கும் ஆளே தன்னை விட்டுவிடக்கூடும் என்ற அச்சம் எளிதில் நீங்குவதில்லை.

தவறினால் திருத்திக்கொள்ளலாம்

எந்நேரமும் பொறுமை காக்கும் பெற்றோர் எங்கும் இல்லை. எட்வர்ட் ட்ரோனிக் என்னும் ஆய்வாளர் தாய்மாரும் குழந்தைகளும் கொஞ்சி விளையாடுவதை நொடிநொடியாகப் பதிவுசெய்து பார்த்தார். நல்ல உறவுள்ள இணைகளிலும், இருவர் மனநிலையும் ஒத்திருந்தது ஏறத்தாழ 30 விழுக்காட்டு நேரமே. மீதி நேரம் ஒருவர் சிரிக்க மற்றவர் கொட்டாவி விட, பிறகு இருவரும் மீண்டும் ஒத்துவரும் முயற்சியிலேயே கழிந்தது. இணக்கம் குலைவதும் மீண்டும் கூடுவதும் பலமுறை நிகழ்வதால், குலைந்தது கூடும் என்ற நம்பிக்கை குழந்தைக்கு ஏற்படுகிறது.

அதே ட்ரோனிக் செய்த மற்றொரு சோதனையில், தாய் குழந்தையை நோக்கியபடியே சில நிமிடங்கள் முகத்தில் எவ்வித உணர்ச்சியும் காட்டாமல் இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கைநீட்டும், குரலெழுப்பும், பின்பு முகம் திருப்பி அழும். கைப்பேசித் திரையில் ஆழ்ந்திருக்கும் நம் முகமும் குழந்தைக்கு ஏறத்தாழ அவ்வாறே தோன்றக்கூடும். அலுவலகத்திலிருந்து வீடு வந்த முதல் அரைமணி நேரம் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிடுவது செலவில்லாத ஏற்பாடு.

கோபத்தில் கத்திவிட்டால், ‘அப்பா கத்தியது தவறு, உன்மேல் உள்ள அன்பு அப்படியே இருக்கிறது’ என்று சொல்வதால் பெரியவர் சிறுமைப்படுவதில்லை. கடன் தவணையும் வேலைச் சுமையும் வீட்டில் அமைதியைக் குலைக்கும் என்பதை வங்கியில் பணிபுரியும் நாங்கள் நன்கறிவோம். தவணை கட்டத் திணறுவோர், நிலுவை பெருகும்வரை காத்திராமல் முன்னதாகவே கிளையை அணுகினால் தவணைக் காலத்தை மாற்றியமைப்பது போன்ற வழிகளைப் பேசிப் பார்க்கலாம். பெற்றோரின் கவலை குறைந்தால் பிள்ளையைக் கவனிக்க மனத்தில் இடம் உண்டாகும்.

கட்டத்தில் யார் பெயர்?

இறுதியாக, பெரும்பாலான பெற்றோர் தள்ளிப்போடும் ஒரு செய்தியைக் குறிப்பிட விழைகிறோம். நமக்கு ஏதேனும் நேர்ந்தால் பிள்ளையை யார் வளர்ப்பார்? காப்பீடும் நியமனமும் செய்து வைப்போரும் இக்கேள்விக்கு விடை எழுதி வைப்பதில்லை. பெருந்தொற்றில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்காக 2021இல் அறிவிக்கப்பட்ட ‘பிஎம் கேர்ஸ்’ குழந்தைகள் திட்டம், அவர்களுக்கு 23 வயதில் பத்து இலட்சம் ரூபாய் கிடைக்க வழிசெய்தது. அப்பணம் கைக்கு வரும்வரை அவர்களை யார் அணைத்து வளர்த்தார் என்பது அதனினும் பெரிய கேள்வி.

பிள்ளையின் பெயரில் நியமனம் செய்திருந்தால், அது வயது வரும்வரை தொகையைப் பெற்றுக்கொள்ள ஒருவரைக் குறிப்பிட வேண்டும். உயிலில் பாதுகாவலரைக் குறிப்பிடவும் 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் பாதுகாவலர் சட்டம் இடமளிக்கிறது. பிற சமயத்தார் தத்தம் சட்டப்படி வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம். பாதுகாவலரை நியமிக்கும் நீதிமன்றமும் பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கருதுகிறது.

பணத்தைக் காப்பவரும் பிள்ளையை வளர்ப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கு வழக்கில் தேர்ந்த மாமா ஒன்றைப் பார்த்துக்கொள்ளட்டும். மற்றொன்றுக்கு, காய்ச்சல் வந்தபோது பிள்ளை யாரைக் கேட்டு அழுதது என்று நினைத்துப் பாருங்கள். அவர் மனமொப்பி இசைகிறாரா என்று இப்போதே கேட்டறியுங்கள். அதன்பின் விடுமுறைக்குப் பிள்ளையை அவர் வீட்டுக்கு அடிக்கடி அனுப்பிப் பழக்குங்கள். அடுத்தமுறை கிளைக்கு வரும்போது நியமன விவரங்களைச் சரிபார்க்கக் கேளுங்கள். உடனிருந்து உதவக் காத்திருக்கிறோம்.